பொம்மர்க்காரரின் ஆடின படம்

எங்கள் கடையில் செத்தவர்கள் சிரிப்பதில்லை. அது மச்சான் போட்ட சட்டம். மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். கடை அவருடையது, கமராவும் அவருடையது. கம்பியூட்டருக்கு முன்னால் கிடந்த கதிரையும் அதில் இருந்த பயமும் மட்டும் என்னுடையவை.

மொன்றியல் நகரத்து நோத்ர-டாம்-த-கிரேஸில், பாலும் சிகரெட்டும் விற்கிற தெப்பனர் ஒன்றுக்கும் உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றுக்கும் இடையில் இருந்தது எங்கள் ஸ்ரூடியோ. கல்யாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை என்று எல்லாவற்றுக்கும் படம் எடுத்தோம். ஆனாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது முப்பத்தோராம் நாள்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் சொந்தங்களுக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பார்கள். முன் அட்டையில் இறந்தவரின் படம் வரவேண்டும். அந்தப் படத்துக்குத்தான் படாத பாடு. உயிரோடு இருக்கும்போது நல்லதாக ஒன்று எடுத்து வைப்போம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. யாரோ ஒருவரின் கல்யாணத்தில் பின்வரிசையில், கன்னம் புடைக்க வடையோடு நின்ற படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். அல்லது மூக்குக்கு மேலே முத்திரை குத்திய அடையாள அட்டையை.

நான் தலையை மட்டும் வெட்டி எடுப்பேன். வடையை அகற்றுவேன், முத்திரையை அழிப்பேன். கழுத்துக்குக் கீழே ஒரு நீலக் கோட்டும் சிவப்பு ரையும் வைப்பேன். பின்னால் முகில். கீழே சைவர்களுக்குக் குத்துவிளக்கு, எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரருக்கு மெழுகுதிரி. மொன்றியலில் இறந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்த ஒரே நீலக் கோட்டோடுதான் பரலோகம் போயிருக்கிறார்கள். சிரித்த வாய் வந்தால் மச்சான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவார்:

"வாயை மூடு மச்சான். ஆள் செத்துப்போட்டார், இளிச்சுக்கொண்டு நிக்கிறார். சனம் என்ன சொல்லும்?"

மூடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கம்பியூட்டரை யார் படிப்பித்தார்கள்? பயந்து பயந்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். தொட்டது எதுவும் வெடிக்கவில்லை. அப்படித்தான் பழகினேன். ஆனாலும் இன்றைக்கு வெடிக்காதது நாளைக்கு வெடிக்காது என்று யார் சொன்னது? தொலைபேசி அடித்தால் எனக்குப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போயிருந்தன. மச்சான் அப்போதுதான் பிலிமை விட்டு டிஜிட்டல் கமராவுக்கு மாறி, எடுத்ததை அந்தக் கணமே பார்க்க முடிகிற சந்தோசத்தில் கண்டது நிண்டது எல்லாவற்றையும் கிளிக் கிளிக் என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு ஒக்டோபர் பிற்பகல், எங்கள் கடைக்கு எதிரே இருந்த மாடிக் கட்டடத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா றோட்டைக் கடந்து வந்தார். வயது எண்பதைத் தொட்டிருக்கும். தலையில் ஆம்பிளைத் தொப்பி, உதட்டில் நெருப்புச் சிவப்பு. ஒரு தலையணை உறையைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார்.

அவர் பேசியது இங்கிலிசு. என் இங்கிலிசு அரைகுறை. ஆனால் மனதில் அது வந்து விழும்போது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். இன்றைக்கும் அந்த அம்மாவை நினைத்தால் யாழ்ப்பாணத்துப் பேச்சாகத்தான் காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தலையணை உறைக்குள் இருந்து ஒரு பழைய படம் வந்தது. உள்ளங்கையளவு. ஒரு பெரிய விமானத்தின் மூக்குக்குக் கீழே ஏழு பெடியள், தடித்த சட்டைகளும் சப்பாத்துகளுமாக, தோளில் தோள் இடிக்க நிற்கிறார்கள். ஆறு பேரின் முகம் கண்ணாடி போலத் தெளிவு. கடைசியில் நின்றவனின் முகம் ஆடிப்போயிருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடு, வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

"உதுதான் என்ர அண்ணன். என்னைவிட ஒரு வயசு மூப்பு. பொம்மரின்ர வாலுக்குள்ள இருந்து சுடுறவன். ரெண்டாம் உலகச் சண்டையில ஜெர்மனிப் பக்கம் போன இடத்தில ஏழு பேரும் திரும்பி வரேல்லை."

மொன்றியல் தீவின் மேற்கு முனையில் பழைய விமானங்களை வைத்துத் திருத்துகிற சின்ன மியூசியம் ஒன்று இருந்தது. இந்த ஏழு பேருக்கும் அங்கே ஒரு நினைவுச் சுவர் வைக்கப்போகிறார்களாம். நவம்பரில், போரில் செத்தவர்களை நினைத்து எல்லோரும் சட்டையில் சிவப்புப் பூ குத்துகிற நாளில் திறப்பு. ஒவ்வொருவரின் முகத்தையும் இந்தப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கி மாட்டுவார்கள். தெளிவில்லாத முகத்துக்குப் பதிலாகத் தலையும் தோளும் மட்டும் தெரிகிற கறுப்பு உருவம் ஒன்றை வைப்பார்கள்.

"என்ர அண்ணனைக் கறுப்புப் பூசணிக்காய் ஆக்கப்போறாங்கள், தம்பி. அவனுக்கு ஒரு முகம் எடுத்துத் தா."

வேறு படம் இல்லையா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எங்கட அம்மா தன்ர சவப்பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லிப்போட்டா. வைச்சாச்சு. இது மட்டும் என்ர கையில இருந்தபடியால் தப்பினது. இப்ப போய்க் கிண்டேலுமோ?"

கிண்டலாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்ததுபோல மச்சான் முந்திக்கொண்டார். "நோ ப்ராப்ளம் மடம்! வெள்ளிக்கிழமை வாங்கோ. உங்கட அண்ணன் உங்களோட கதைக்கிற மாதிரி இருப்பார்!"

மச்சான் வாக்குக் கொடுக்கிறவர். நான் அதை வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறவன்.

படத்தை ஸ்கான் பண்ணித் திரையில் பெரிதாக்கினேன். முதலில் வந்தது விமானம். குண்டு போடும் விமானத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் பொம்மர். 'பொம்மர் வருது' என்று ஒருவர் கத்தினால் ஊர் முழுக்க நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் பாயும். நான் எப்போதும் முதல் ஆளாகப் பாய்ந்தேன். எதிரே இருந்த அந்த அம்மா என் முகம் போன போக்கைக் கண்டு, என்ன தம்பி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். நாங்கள் கீழே, அது மேலே. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வாலில இருக்கிறவன் பின்பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவான். போட்ட இடம் எரியிறதைக் கடைசிமட்டும் பார்க்கிறவன் அவன்தான். எங்களுக்கு எழுதேக்குள்ள அதைப் பற்றி மூச்சு விட மாட்டான். அங்கத்தைச் சாப்பாடு வாயில வைக்கேலாது எண்டுதான் பக்கம் பக்கமாய் எழுதுவான்."

பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் இடமிருந்து மூன்றாவதாக நின்றவனைக் கவனித்தேன். எல்லோரும் கமராவைப் பார்க்க, இவன் மட்டும் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். மழை வருமா, காற்று மாறுமா, அடுப்பை நிறுத்தினேனா என்கிற பார்வை. எனக்கு அந்தப் பார்வை தெரியும், ஒவ்வொரு நாளும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். பொம்மருக்குள் இருந்தவனும் பயந்திருப்பான் என்று அதுவரை எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அட, இவர் நம்மட ஆள்! என்னையறியாமல் சிரித்துவிட்டேன். போகும் முன் அந்த அம்மாவை முக்காலியில் இருத்தி, முகத்தை மச்சான் நாலைந்து படம் எடுத்தார்.

அன்றிரவே வேலை தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. பழுதாக்கிப்போட்டால் என்ன செய்வது என்று வியாழக்கிழமை வரைக்கும் யோசித்தேன்.

வியாழன் காலை மச்சான் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். "முதல்ல உந்தப் பொம்மரைத் தூக்கு. உனக்கும் பயம், வடிவும் இல்லை. முகிலைப் போடு."

தூக்கினேன். முகில் வந்தது.

"சட்டையும் ஆடிக் கிடக்கு. கோட்டைப் போடு."

நீலக் கோட்டு வந்தது.

"கண்ணும் மூக்கும் மடத்தின்ர படத்தில இருந்து எடு. சகோதரம்தானே."

எண்பது வயதுக் கண்ணை இருபது வயதாக்க மத்தியானம் வரைக்கும் சுருக்கம் நீக்கினேன், கசங்கிய சேலைக்கு ஸ்திரிக்கை போடுவதுபோல. வாயில்தான் மாட்டிக்கொண்டோம். அந்த அம்மாவின் உதட்டில் இருந்த சிவப்பு என்ன செய்தும் போகவில்லை. போனதும் வாயே போய்விட்டது. மச்சானுக்கு மீசை.

"உன்ர வாயைத் தா, மச்சான்."

"என்ர வாயோ?"

"மீசை இல்லாத வாய் கடையில அது ஒண்டுதான் இருக்கு. இதில இரு. அசையாத."

விளக்குகளைப் போட்டார். சிரிக்கவா என்று கேட்டேன்.

"செத்த ஆள் சிரிக்கிறதோ? மூடு!"

மூடினேன். கிளிக். வாயை வெட்டி ஒட்டினேன். மெழுகுதிரி வைத்தேன். மச்சான் ஒரு வெள்ளைப் புறாவையும் இலவசமாகப் பறக்கவிட்டார். பின்னேரம் என் மனிசி சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து திரைக்கு முன்னால் நின்று பார்த்தாள்.

"இது ஆர், அண்ணை? ஊரில ஆரும் பள்ளிக்கூட அதிபரோ?"

"பொம்மர்க்காரன்!" என்றார் மச்சான் பெருமையாக.

"பொம்மர்க்காரனோ? வீட்டைப் பூட்டினதோ எண்டு யோசிக்கிற ஆள் மாதிரியெல்லோ இருக்கு. இஞ்சேருங்கோ, இந்த முகத்தை நான் எங்கயோ பார்த்திருக்கிறன்."

நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அதற்குள் முகத்தைப் புதைத்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தபோது முதல் நன்மைக்குப் படம் எடுத்த குடும்பம் ஒன்று அப்போதுதான் போயிருந்தது. விளக்குகள் எரிந்தபடி இருந்தன, மச்சானின் கழுத்தில் கமரா தொங்கியது. அந்த அம்மா தானாகவே போய் வெளிச்சத்துக்குள் இருந்த முக்காலியில் ஏறி இருந்தார். புதிதாக உதட்டுச் சாயம் பூசியிருந்தார். அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறாரே! சட்டம் போட்ட படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஓடத் தோதாகக் கதவுப் பக்கம் நின்றேன்.

படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் என்னை, என் வாயை.

"தம்பி," என்றார். "இது உன்ர வாய்."

நான் வாயைக் கையால் பொத்தினேன். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

முதலில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்து நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். பிறகு தோள் குலுங்கியது. தலை பின்னால் போனது. அப்பா, அந்தச் சிரிப்பு! "கோட்டு!" என்றார், மூச்சு வாங்கியது. "புறா!" என்றார், தொப்பி விழுந்தது. "என்ர அண்ணன் வாழ்க்கையில ஒருநாள், ஒரேயொரு நாள், வாயை மூடி இருந்திருப்பானோ!" முக்காலி ஆடியது. மனிசி ஓடிப்போய்ப் பிடித்தவள், தானும் தொடங்கிவிட்டாள். விளக்கெரிகிறது, ஆள் முக்காலியில் இருக்கிறார், மச்சானின் விரல் சும்மா இருக்குமா? கிளிக் கிளிக் என்று தட்டினார். தட்டிவிட்டுத் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சே, எல்லாம் ஆடிப்போச்சு." அழிக்கப்போனார்.

"பொறு மச்சான், பொறு!"

நான் அப்படிக் கத்தி ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கமராவைப் பறித்தேன். ஆடிப்போன படத்தைக் கம்பியூட்டரில் ஏற்றினேன். அதற்குப் பக்கத்தில் அந்தப் பழைய படத்தை, நாங்கள் கை வைக்காத படத்தை, அதே அளவில் கொண்டுவந்து வைத்தேன்.

தலை அதே பக்கம் சரிந்து பின்னால் போயிருந்தது. ஒரு தோள் அதேபோலக் காது வரைக்கும் ஏறியிருந்தது. கண் இரண்டு கோடு. வாய் வெள்ளையாக ஒரு இழுப்பு.

"ஐயோ, அச்சொட்டு அதே முகம்!" என்றாள் மனிசி.

அந்த அம்மா முக்காலியால் இறங்கி வந்து திரைக்குக் கிட்ட நின்றார். சிரிப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை, விக்கலாக வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளை இழுப்பை விரலால் தொட்டார்.

"நான் இவ்வளவு காலமும் இவன் அசைஞ்சு படத்தைக் கெடுத்துப்போட்டான் எண்டுதான் திட்டிக்கொண்டிருந்தனான். இவன் சிரிச்சவன், தம்பி. எங்களுக்கு எங்கயும் சிரிப்பு வரும். கோயிலுக்கை, செத்த வீட்டில. அம்மா ரெண்டு பேரையும் பிரிச்சுத்தான் இருத்துவா."

"அப்ப முகம் இருக்கு," என்றேன்.

"இருக்கு," என்றார். "இதுதான் முகம். இதைத்தான் மாட்டவேணும்."

சொல்வது சுலபம். மியூசியக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! அடுத்த கிழமை மச்சானின் வான் வண்டியில் நாங்கள் மூவரும் போனோம். வழி முழுக்க எனக்கு, முடியாது என்று அவர்கள் சொன்னால் இந்த அம்மாவை எப்படித் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற யோசனை. மியூசியம் என்பது பழைய களஞ்சியம் போல ஒரு கட்டடம். உள்ளே கூரையிலிருந்து கம்பியில் விமானம் ஒன்று தொங்கியது. அந்தக் கம்பிகள் எந்தக் காலத்தில் போட்டவை என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சுவர் ஓரமாகவே நடந்தேன்.

பொறுப்பாக இருந்தவர் பெரிய உடம்பும் நல்ல மனமும் கொண்ட, பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரர், ஆனால் பிடிவாதக்காரர். ஆடின படத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"நோ, மடாம். பார்க்கிற சனம் எங்கட அச்சுப் பிழை எண்டு நினைக்கும். மற்ற ஆறும் நல்ல தெளிவு. இதை வைச்சால் சுவரே பழுதாகப் போகும். கறுப்பு உருவம் மரியாதையாய் இருக்கும்."

அந்த அம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். எப்போதும் வாய் ஓயாத மச்சான், பிரெஞ்சு என்றதும் கூரையைப் பார்த்தார். வேறு ஆளில்லை. நான் வாயைத் திறந்தேன். பிரெஞ்சு கொஞ்சம், இங்கிலிசு கொஞ்சம், மிச்சம் கை.

"முசியூ, எங்கட வேலை முகம் செய்யிறது. தெளிவான முகம் வேணுமெண்டால் செய்து தரலாம். செய்தும் இருக்கிறம்." நீலக் கோட்டுப் படத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நல்லாப் பாருங்கோ. பேந்து என்னைப் பாருங்கோ."

பார்த்தார். புருவம் சுருங்கியது. என்னைப் பார்த்தார். நான் உதவியாக வாயை மூடிக் காட்டினேன்.

"தெளிவாய்த்தான் இருக்கு," என்றேன். "ஆனால் அது நான். நான் பொம்மருக்குள்ள ஏற மாட்டன், முசியூ, கம்பியில தொங்கிற இதுக்குக் கீழ நிக்கவே மாட்டன். என்ர வாயைக் கொண்டுபோய் அந்தச் சுவரில மாட்டாதேங்கோ."

பெரிய உடம்பு முதலில் அடக்கப் பார்த்தது. மூக்கால் காற்று வந்தது. பிறகு அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் விமானம் ஆடுகிறதா என்று நான் மேலே பார்த்தேன். அந்த அம்மாவுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, தலை பின்னால் போய்விட்டது. மச்சான் அந்தப் பழைய படத்தையும் எங்கள் கடையில் எடுத்த படத்தையும் மேசையில் அருகருகே வைத்தார். மியூசியக்காரர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பழைய படத்தை, புதிய படத்தை, எதிரே நின்று குலுங்குகிற ஆளை. வெகுநேரம் பார்த்தார்.

"தக்கோர்," என்றார். சரி என்று அர்த்தம். "ஆனால் கீழ ஒரு வரி எழுதவேணும். இவர் சிரிச்சபடியால் அசைஞ்சவர் எண்டு."

திறப்பு நாளன்று நான் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டேன். அதுவும் நீலம்தான் என்று மனிசி வாசலில் வைத்துக் கண்டுபிடித்து, வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். மியூசியத்துக்குள் சனம் நிறைந்திருந்தது. ஒருவர் எக்காளம் ஊதினார். எல்லோரும் தலையைக் குனிந்து மௌனமாக நின்றோம். ஏழு முகங்களும் துணிக்குப் பின்னால் இருந்தன. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்த அந்தப் பெடியனுக்கு ஒரு செபம் சொன்னேன். அவன் பறந்த ஊர்களில் நிலத்துக்குக் கீழே ஒளிந்திருந்த என்னைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொன்னேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சரியா, யாரிடம் கேட்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மௌனம் முடிந்து துணி விழுந்தது.

ஐந்து பேர் எங்களைப் பார்த்தார்கள், ஒருவன் வானத்தைப் பார்த்தான். ஏழாவது ஆள் சிரித்தான்.

சனம் கிட்டப் போய்ப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தது. இரண்டடி பின்னால் வந்து தலையைச் சரித்துப் பார்த்தது. கீழே எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் திரும்பவும் நிமிர்ந்தது. நிமிர்ந்தவர்களின் வாய் ஒவ்வொன்றாக அவிழ்ந்ததை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். சிவப்புப் பூ குத்திய கிழவர் ஒருவர், பக்கத்தில் நின்றவரின் விலாவில் இடித்தார். இருவரும் சத்தம் வராமல் குலுங்கினார்கள். அந்த அம்மா விருந்து வீட்டுக்காரி போல அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம், "இவர் என்ர அண்ணன்" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

போகும் நேரம் அண்ணனோடு ஒரு படம் வேண்டும் என்றார். மச்சான் கமராவைத் தூக்கினார்.

"மடம், கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ."

"நிக்கிறன்," என்றார் அந்த அம்மா. மூச்சைப் பிடித்தார். சுவரில் இருந்த முகத்தை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார், அதோடு சரி, தலை பின்னால் போய்விட்டது.

"மடம்!"

"நீ எடு, நீ எடு!"

மச்சான் எடுத்தார். எத்தனையோ எடுத்தார். ஒன்றுகூடத் தெளிவில்லை. மறுநாள் கடையில் நான் ஒன்றிலும் கை வைக்காமல் எல்லாவற்றையும் அச்சடித்தேன். பழுதாக்கிப்போடுவேனோ என்று ஒரு கவலையும் வரவில்லை. மச்சான் உறையில் போட்டு றோட்டைக் கடந்துபோய் அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.